கிருஷ்ணப்பாவின் பூட்டு

முந்தின நாள் மாலையே அவருடைய பையை நான் திறந்து பார்த்திருந்தால் கிருஷ்ணப்பா பிழைத்திருப்பாரா? கீழே வந்த பிறகு இரண்டு மருத்துவர்களிடம் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார். மற்றவர் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியவில்லை. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடிகிறது.

இப்படிப்பட்ட செய்தியை யாராவது சொல்லித்தான் நாம் கேட்போம். இந்த முறை சொல்ல வேண்டியவள் நான். மலையிலிருந்து இறங்கி, சிக்னல் கிடைத்த முதல் இடத்தில், வனத்துறைச் சாவடியின் வாசலில் நின்று மத்திகிரியில் அவர் வீட்டுக்கு அழைத்தேன். அவர் மனைவி ரத்னம்மா எடுத்தார். "எறங்கிட்டீங்களா மேடம்? அவர் பக்கத்துல இருந்தா குடுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அதன் பிறகு அவர் தெலுங்கில் யாரையோ கூப்பிட்டது மட்டும் காதில் இருக்கிறது.

ஓசூரில் எங்கள் ஆலையில் வேலை செய்யும் உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் ஆலையில் அவர் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார், மெஷினைக் கன்னடத்தில் திட்டுவார், என்னைத் தமிழில் கிண்டல் செய்வார். நான் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். யார் தந்த அளவையும் மறுபடி அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். "இன்னிக்கு செவ்வாக்கிழமைன்னு சொன்னாக்கூட மேடம் காலண்டர எடுத்துட்டு வான்னுவாங்க" என்பார், என் காதில் விழும்படியாக.

அவருடைய கண்டிப்பெல்லாம் ஒரே விஷயத்தில்தான். மெஷினுக்குள் கை விடும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். போட்டவர்தான் வந்து எடுக்க வேண்டும். மேலாளரே சொன்னாலும் வேறு யாரும் தொடக் கூடாது. இளம் வயதில் வேறோர் ஆலையில், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ தகடு அழுத்தும் பிரஸ்ஸை ஓட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். என்னிடம் அதை ஒரு முறைதான் சொன்னார். மலைக்குக் கிளம்பும் முன்கூட, உதிரிபாகம் வராமல் பிரித்துப் போட்டிருந்த பெரிய கம்ப்ரஸரில் தன் பூட்டைப் போட்டுவிட்டு வந்தார். "நான் வந்து எடுக்கறேன். அதுவரைக்கும் அது தூங்கட்டும்."

மலை நடை அவருடைய யோசனை. இமயமலையில் ஒரு தேசியப் பூங்கா, ஐந்து நாள் நடை. கோவேறு கழுதையோ சுமைகாரரோ கிடையாது. கூடாரம், அடுப்பு, ராகி மாவு எல்லாம் எங்கள் முதுகில். அவர், நான், எலக்ட்ரீஷியன் பாபு. பழகுவதற்காகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பையில் இரும்புத் துண்டுகளை அடுக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகளில் ஏறி இறங்கினோம். ஒரு நாள் பாபு என் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து எங்கோ வைத்து மறந்துவிட்டார். உச்சியில் அவலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தின்றோம்.

"மாமியார் வீட்டு விருந்து மாதிரியே இருக்குண்ணா" என்றார் பாபு.

கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மூன்று பைகளிலும் ஆலையின் சிவப்பு அட்டை தொங்கியது. "யாரு பையையும் யாரும் தொறக்கக் கூடாது. மேடம், உங்களுக்குந்தான்." வேறு தொழில் செய்பவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்கு அது இயல்பாகவே பட்டது.

முதல் இரண்டு நாளும் நன்றாகப் போயின. அந்த உயரத்தில் களி சரியாக வேகவில்லை, கட்டி கட்டியாக நின்றது. "ரத்னம்மா கிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள், மரங்கள் முடிந்த பிறகு பின்தங்கினார். மாலையில் கூடாரம் போட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உயரம் ஒத்துக்கொள்வதற்காக ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு ஆளுக்கோர் அட்டை மாத்திரை வாங்கித் தந்திருந்தேன்.

"மாத்திரை போட்டீங்களா?"

"ஆயித்து மேடம்." ஆயிற்று என்பதை எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார்.

"காலையிலயும்?"

"ரெண்டு வேளையும் ஆயித்து. ஏன், லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கணுமா?"

பாபு சிரித்தார். நானும் சிரித்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் அவருடைய பை சிவப்பு அட்டையோடு சாய்ந்திருந்தது. அளந்து பார்க்காமல் நான் ஏற்றுக்கொண்ட ஒரே அளவு அது. "எறங்கிடலாம்ணா" என்று பாபு சொன்னார். "காலையில பாக்கலாம்டா" என்றார் கிருஷ்ணப்பா. காலையில் பார்க்கலாம் என்று நானும் சொன்னேன்.

விடிந்தபோது அவருக்கு நாக்குக் குழறியது. நிற்க முடியவில்லை. அப்போதுதான் பையைத் திறந்தேன். மேல் அறையில் பூட்டின் சாவியும் மாத்திரை அட்டையும் இருந்தன. அட்டையில் ஒன்றுகூடப் பிய்க்கப்படவில்லை. ஏன் போட்டுக்கொள்ளவில்லை, ஏன் போட்டதாகச் சொன்னார் என்பதை இனி யாரிடம் கேட்பது? ஒன்றை அவர் நாக்கில் வைத்தேன், அவரால் விழுங்க முடியவில்லை. இருவரும் அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கப் பார்த்தோம். முதல் பாறைச் சரிவைக்கூடத் தாண்ட முடியவில்லை. பாபு உதவி தேடிக் கீழே ஓடினார். சாவடிக்கு முழுப் பகல் நடை.

நான் அவருடைய கைகளைத் தேய்த்தேன். மூச்சை எண்ணி நோட்டில் எழுதினேன். எழுதி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே எழுதினேன். ஒரு முறை கண் திறந்து, தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். இத்தனை ஆண்டு ஓசூரில் இருந்தும் நான் தெலுங்கு கற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சொற்களை ரத்னம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூட என்னால் முடியவில்லை. பிற்பகலில் நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. பாபு ஆட்களோடு வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்.

தோப்பின் ஓரத்தில் அவரை அடக்கம் செய்த அன்று, பையை ரத்னம்மாவிடம் கொடுத்தேன்.

"யாரு தொறந்தது?"

"நான்தான்."

"அவருக்குப் புடிக்காதே மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு உள்ளே துழாவிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இத யாருக்கும் குடுக்க மாட்டாரு. கம்பெனில குடுத்துருங்க."

பையில் தொங்கிய சிவப்பு அட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பரிசோதனைக் கூடத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 'ஆயித்து மேடம்' என்ற குரலும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் ஆலைக்குப் போனேன். கம்ப்ரஸருக்கான உதிரிபாகம் வந்திருந்தது. போட்டவர் இல்லாமல் பூட்டைத் திறக்க ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: 'பூட்டியவர் ஆலைக்குள் இல்லை என்பதை நேரில் அறிந்தவர் யார்?' மேலாளர் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைப் பாபுவிடம் கொடுத்தேன். பாபு பூட்டைத் திறந்து எடுத்தார். அதே துளையில் தன் பூட்டைப் போட்டார், தன் அட்டையை மாட்டினார், இழுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் உள்ளே கை விட்டார்.