வெயில் காயுது, கரண்ட் எங்கே?

மாடியில் சோலார் போட்டுக் கொடுக்கிறவளிடம் ஊரே ஒரே கேள்வியைத்தான் கேட்கும். "இத போட்டுட்டா கரண்டே போகாதுல்ல?" முத்தியால்பேட்டையில் கேட்பார்கள், அரியாங்குப்பத்தில் என் சொந்தத் தெருவில் கேட்பார்கள், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கூடக் கேட்பார். போகும். தாராளமாகப் போகும். தெருவில் கரண்ட் போனால் உங்கள் மாடியில் இருப்பதும் அந்த நொடியே நின்றுவிடும். பேட்டரி வைத்துக்கொண்டால் அது வேறு கதை. பேட்டரி இல்லாமல் போட்டது, கம்பத்துக் கம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை. அந்தக் கை இல்லையென்றால் ஓரடி எடுத்து வைக்காது. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "ஆக மொத்தம், கரண்ட் போகாது" என்று முடிப்பார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறும். மூக்குக்கு மேல் கோபம் உனக்கு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ஒருநாள் என்னோடு மாடி ஏறி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கட்டும்.

தேங்காய்த்திட்டு அக்காவும் அப்படித்தான் தலையை ஆட்டினாள். துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. ஏலத்தில் மீன் எடுத்து, வீட்டு முன்னறையில் வரிசையாக வைத்திருக்கும் ஃப்ரீசர் பெட்டிகளில் போட்டு, ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கொடுக்கிறவள். பெட்டிகள் இரவும் பகலும் ஓடும். கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாராம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பேட்டரியும் வைக்கலாமே என்றேன். அதற்கு ஆகிற செலவைக் கேட்டதும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த மாடி எனக்குப் பாடம் சொன்ன மாடி. மற்ற இடங்களில் நிழலுக்குத்தான் பயப்படுவேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துபோகும். இங்கே நிழல் இல்லை, காக்கா இருந்தது. ஏலக்கூடத்தில் திருடிய மீன் குடலை எடுத்து வந்து பேனல் மேல் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும். மிச்சம் கண்ணாடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கண்ட போல்ட்டையும் நட்டையும் போட்டால் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் பொடிப்பொடியாக உதிரும். துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும். அக்கா ஆர்வக் கோளாறில் போர்த் தண்ணீரை ஊற்றிக் கழுவி, காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து, "தோ பாரு, சோலாருக்கு அம்மை போட்டுருக்கு" என்று போன் பண்ணினாள். நல்ல தண்ணீரில், விடிந்ததும் சூடு ஏறுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், மத்தியான வெயிலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும் என்று மறுபடி பாடம் நடத்தினேன். இதையெல்லாம் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். கரண்ட் போனால் இதுவும் நிற்கும் என்பதை மட்டும் அவள் காது வாங்கவே இல்லை.

புயல் வருகிறது என்று சொல்லிப் படகுகளை எல்லாம் இழுத்துக் கட்டிவிட்டார்கள். கடலுக்குப் போகாத நாட்களில் மீனுக்கு ராஜ மரியாதை. அக்கா அதைத் தெரிந்தவள். கடைசியாக வந்த படகுகளின் வஞ்சிரத்தையும் இறாலையும், கையிலிருந்த முதல் எல்லாவற்றையும் போட்டு வாங்கிப் பெட்டிகளில் திணித்துவிட்டாள். "எங்கிட்டதான் சோலார் இருக்கே" என்று தெருவில் சொல்லிக்கொண்டும் இருந்தாளாம்.

புயல் ஓர் இராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் போனது. ஊரே இருட்டு. மரம் விழுந்து, கம்பி அறுந்து, கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. அதற்கடுத்த நாள் காலையில் வந்தது பாருங்கள் ஒரு வெயில், ஒன்றுமே நடக்காத மாதிரி. கழுவித் துடைத்த வானம். போன் அடித்தது.

"ஏ பொண்ணே, வெயில் காயுது, கரண்ட் எங்கடி?"

"அக்கா, நான் அப்பவே சொன்னேன்ல..."

"நீ சொன்னத நீயே வச்சுக்க. மீனு எளகுது. வந்து எதனா பண்ணு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். வழியெல்லாம் கிளைகள். போகும்போதே என்ன பேசுவது என்று தயார் பண்ணிக்கொண்டேன். எல்லாம் திட்டுதான். அங்கே போய் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் திட்டெல்லாம் மறந்துபோனது. முன்னறையில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பெட்டிகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனிகளிலும் கரண்ட் இல்லை. ஊரில் ஒரு துண்டு ஐஸ் கிடைக்காது. மீன் போனால் மறுபடி ஏலத்தில் போய் நிற்க அவளிடம் முதல் கிடையாது. அது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

இந்த நேரத்தில் அவள் வீட்டுக்காரர் ஒரு ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவின் புருஷன் என்பதால் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பந்தல்காரரிடம் கேட்டு வாங்கி வந்தாராம். நாலு விளக்கு எரியும், அவ்வளவுதான். ஃப்ரீசரை நேராகச் சொருகிப் பார்த்தார். இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்தது. மனிதர் அசரவில்லை. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

"இன்னா மாமா அது?"

"ஒண்ணும் இல்ல. இத வீட்டு பிளக்குல சொருகினா, கரண்ட் வந்துட்டுதுன்னு உன் சோலாரு நெனச்சுக்கும். எழுந்து வேலை செய்யும். பெட்டிய அது பாத்துக்கும். எப்புடி என் மூளை?"

மூளைதான். அதை மறுக்க முடியாது. எங்கள் தொழிலில் இருக்கிற சிலருக்கே இது தோன்றாது. ஆனால் வீட்டு பிளக்கில் ஊற்றுகிற கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி, கம்பத்துக் கம்பியில் ஏறி, தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மர்வரை போய்விட்டால் பல மடங்காகப் பெருகி மறுபக்கம் வெளியேறும். செத்த கம்பி என்று நினைத்து அங்கே ஒருவன் கையை வைத்திருப்பான். கரண்ட் போனதும் சோலார் ஏன் நிற்கிறது? அவன் பிழைக்கத்தான் நிற்கிறது. பழுது இல்லை, சோம்பல் இல்லை. அதைப் படைத்தவர்கள் அவனை நினைத்துப் படைத்திருக்கிறார்கள்.

ஒயரைப் பிடுங்கினேன். "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தியும்விட்டேன். வயதில் பெரியவர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

இப்போதெல்லாம் புதிதாகப் போடுகிறவர்களிடம் நான் வாயால் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் உச்சி வெயிலில் வீட்டாரை எல்லாம் கூடத்தில் நிற்க வைத்து மெயினை அணைப்பேன். ஃபேன் நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே வேர்க்கும். "இதான்" என்பேன். யாரும் மறுபடி கேட்டதில்லை. தேங்காய்த்திட்டுக்குப் பிறகு பழகியது.

அன்றைக்கு மாமா விடவில்லை. மெதுவாக, நியாயமாகக் கேட்டார். "சரி. மெயின் கட்டைய புடுங்கி வச்சுட்டு செய்றேன். அப்ப வெளிய போவாதுல்ல?"

கட்டை என்று அவர் சொன்னது மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் கட்டையை. அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்கும் தெருவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அவர் கேட்டது சரி. ஆனால் அந்தச் சின்ன ஜெனரேட்டரோடு சேர்ந்தால் சோலார் கரண்ட் கட்டுக்கு அடங்காமல் ஏறி இறங்கும், ஃப்ரீசரே எரிந்து போகலாம் என்றேன். "போகலாம்னா, போகாமலும் இருக்கலாம்" என்றார். ஆமாம், இருக்கலாம். மீன் பிழைத்தாலும் பிழைக்கும். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. "யாரு வீட்டு சோலாரு இது?"

லைன்மேன். புயல் வேலைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவன். இரண்டு நாள் தூங்காத கண். எதிரில் இருந்த கம்பத்தில் ஏற வேண்டியவன், அண்ணாந்து அக்கா வீட்டு மாடியைப் பார்த்தபடி நின்றுவிட்டான். பின்னால் தெருவே கூடியிருந்தது. "அவங்க சோலாராலதான் நமக்குக் கரண்ட் லேட்டாவுது" என்று ஒரு குரல் அதற்குள் கிளம்பிவிட்டது.

நான் முன்னால் போய் விளக்கினேன். தம்பி, கம்பியில் கரண்ட் இல்லையென்றால் இது தானாக நின்றுவிடும், நானே போட்டது, நானே சோதித்தது, மாடியில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"மிஷினு தானா நின்னுக்கும்னு நீ சொல்றக்கா. கம்பிய புடிக்கப் போறது என் கையி." உள்ளே இருந்த ஜெனரேட்டரை எட்டிப் பார்த்தான். "அது வேற வச்சிருக்கீங்க. அது ஓடுனா நான் ஏற மாட்டேன்."

"கட்டைய புடுங்கிட்டுத்தாம்பா ஓட்டப்போறோம்" என்றார் மாமா.

"கட்டை உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு மேல இருக்கிற எனக்கு எப்புடிண்ணா தெரியும்? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க."

சோலார் தானாக நிற்கும் என்று எனக்கு நிச்சயம். ஆனால் என் நிச்சயத்தின் மேல் கால் வைத்து ஏறப்போவது அவன். அவனிடம் மேற்கொண்டு வாதாட எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். "எவ்ளோ நேரமாவும் தம்பி?"

"நாலஞ்சு எடத்துல அறுந்திருக்கு. சாயங்காலம் ஆயிடும்."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்தாள். கையை விட்டு ஒரு வஞ்சிரத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் அமுங்கியது. மூடினாள். பிறகு புருஷனிடம், "எடு அந்த இன்ஜின. கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? சாயங்காலம் வரைக்கும் தாங்குமா? மொத்தமும் பூடும்."

"தெரியுது. எடு."

அவர் என்னென்னவோ சொன்னார். அழாத குறை. ஜெனரேட்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். நான் மாடிக்கு ஓடிச் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன். அக்கா மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். "எதுடி கட்டை?" காட்டினேன். பிடுங்கினாள். புடவை மடியில் வைத்து இறுகச் சொருகினாள். காலி மீன் பெட்டி ஒன்றை இழுத்துப் போய்க் கம்பத்தடியில் கவிழ்த்துப் போட்டு, அவன் மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, நட்ட நடு வெயிலில் உட்கார்ந்தாள்.

"ஏறு தம்பி. கட்டை என் மடியில இருக்கு. நீ எறங்குற வரைக்கும் நான் எழுந்துக்க மாட்டேன்."

அவன் ஏறினான்.

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் போகப் பிடிக்கவில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. குடை கொண்டுவந்து பிடித்தேன். "மறைக்காத, அவன் என்னப் பாக்கணும்" என்று தள்ளிவிட்டாள். எதிர்வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள், உட்கார்ந்த இடத்திலேயே குடித்தாள். அவன் அந்தக் கம்பத்தை முடித்து அடுத்ததற்குப் போனபோது அவளும் பெட்டியை இழுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். நடுநடுவே அவன் குனிந்து பார்ப்பான். அவள் மடியைத் தட்டிக் காட்டுவாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அவன் இறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீன் வாடை அதற்குள் வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"இங்க முடிஞ்சுதுக்கா. நீங்க கட்டைய போட்டுக்கலாம்."

அக்கா மடியில் கை வைத்தாள். பாதி எழுந்தவள் நின்றாள்.

"வேற எங்கனா ஆளு மேல இருக்கா?"

"பக்கத்துத் தெருவுல ஒருத்தன் இருக்கான்."

"அவனும் எறங்கட்டும்" என்று மறுபடி உட்கார்ந்தாள்.