குறி சொல்லப் படித்தவள்

ஜெயந்தினி செய்த ஒரே தப்பு, தன் படிப்பைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் விளக்கியதுதான். இடைக்கால ஐரோப்பாவில் வருங்காலத்தை முன்னறிவித்தவர்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வீட்டுக்கு வரும்போது யாராவது கேட்டால், "அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க நாட்டுல குறி சொன்னவங்களப் பத்திப் படிக்கிறேன்" என்பாள். லயம் அதைச் சுருக்கிக்கொண்டது: கந்தப்பன் மக குறி சொல்லப் படிக்குது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த மழைக்கு லயத்தின் பின்னால் மலைச்சரிவில் மண் வெடித்து, கை நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. மலை சரியலாம், பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குங்கள் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். "வருசா வருசம் இதேதான் சொல்றாங்க" என்று கந்தப்பன் அசையவில்லை. ஜெயந்தினி அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மா வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள்.

"மலை எறங்குமா புள்ள? பாத்துச் சொல்லு."

மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது அறிவு, நாள் குறிப்பது ஆணவம் என்று பழைய பாதிரிமார் எச்சரித்ததைப் பக்கம் பக்கமாகப் படித்தவள்தான். படித்தென்ன?

"எறங்கும். வெள்ளிக்கெழமைக்குள்ள" என்றாள்.

லயமே காலியானது. கந்தப்பனும் முணுமுணுத்துக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை பார்த்து நல்ல வெயில். பள்ளிக்கூட ஜன்னலில் நின்ற ஜெயந்தினியின் மனம், சரிந்துவிடேன் என்று மலையிடம் ஒரு கணம் கெஞ்சியது. தன்னை நினைத்து அவளுக்கே கூசியது.

மறுநாள் எல்லோரும் திரும்பினார்கள். "வேற நாள் சொல்லேன் புள்ள" என்று மீனம்மா ஆறுதல் சொன்னாள். குறித்த நாள் பொய்த்தபோது ஐரோப்பாவிலும் பலர் அதைத்தான் செய்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி மழை பிடித்தது. பிளவு இப்போது ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு அகன்றிருந்தது.

"வாங்கப்பா. இது குறி இல்ல, கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

"ஒன் குறியத்தான் பாத்தாச்சே" என்று கந்தப்பன் போர்வையை இழுத்துக்கொண்டார்.

குடையை மடக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நானும் இங்கயே இருக்கேன்."

"நீ போ."

அவள் அசையவில்லை. தகரத்தில் மழை கொட்டியது. கந்தப்பன் மகளைப் பார்த்தார், பிளவுப் பக்கம் இருந்த பின்சுவரைப் பார்த்தார், போர்வையை உதறிவிட்டு எழுந்தார்.

"மலையாவது எறங்குறதாவது! எந்திரி புள்ள, சீக்கிரம் எந்திரி!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தவர், மீனம்மாவின் கதவை உடைத்துவிடுவதுபோல் தட்டினார்.