கூட்டல் குறியைப் போட்டது யார்

டேவிட் இறந்துவிட்ட செய்தி, போன வாரம் காலையில் தாம்பரம் நடைமேடையில் நிற்கும்போது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பு. வந்த ரயிலில் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கேளம்பாக்கம் அலுவலகத்தில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து மேசை. அங்கே அவரோடு வேலை செய்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவருக்காக நடந்த ஜெபக் கூட்டத்தில் நான் பேசியதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

அன்று சொன்ன சம்பவம் நினைவிருக்கும். மருந்துக் கிடங்கின் குளிர்பெட்டி சூடானால் ஆட்களுக்குத் தகவல் போகவேண்டும். எல்லாக் கிடங்குக்கும் பொதுவான அமைப்பு விவரங்கள் ஒரு ஜேசன் (JSON) வகைக் கோப்பில். வண்டலூர் கிடங்குக்கென்று மாற்றியது மட்டும் இன்னொன்றில். இரண்டையும் இணைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் நான் எழுதியது. அதில் கோப்புகளை இணைக்கும் ஜேக்யூ (jq) கட்டளையில் நடுவே பெருக்கல் குறி போட்டால் உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும். கூட்டல் குறி போட்டால், ஒரே பெயருள்ள பகுதியை இரண்டாவது கோப்பு அப்படியே விழுங்கிவிடும். வண்டலூர் கோப்பின் எச்சரிக்கைப் பகுதியில் நேரம் மட்டும்தான் இருந்தது. பொதுக் கோப்பிலிருந்த தொலைபேசி எண்கள் காணாமல் போயின. பெட்டி சூடானது யாருக்கும் தெரியவில்லை; ஊசிமருந்து முழுவதும் குப்பைக்குப் போனது. ஸ்கிரிப்டில் கூட்டல் குறி இருந்தது.

காய்ச்சலில் ஒரு வாரம் விடுப்பெடுத்துத் திரும்பியவளை எல்லார் முன்னாலும் கேட்டார்கள். நான்தான் தவறிப் போட்டிருப்பேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தக் கிடங்கு வேலை என் கையைவிட்டுப் போனது. டேவிட் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். "விடு கலா, யாருக்கும் வர்றதுதான். இனிமே ரெண்டு சின்ன ஃபைல் வெச்சு ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் சர்வர்ல போடு" என்றார். எனக்கு நன்றாகவே தெரிந்த அந்த இரண்டு குறிகளின் வித்தியாசத்தைத் தாளில் எழுதியும் காட்டினார். கண் கலங்க நன்றி சொன்னேன். அதைத்தான் ஜெபக் கூட்டத்தில் அவருடைய பெருந்தன்மை என்று சொன்னேன்.

வெளியே வந்ததும், நம் குழுவின் நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பெரிய மனசுக்கா. அந்த லைனை மாத்துனது டேவிட் சார்தான்னு தெரிஞ்சும் இப்படிப் பேசுனீங்களே."

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீங்க லீவுல இருந்தப்ப சர்வர்லயே கை வெச்சிட்டார்க்கா. எங்ககிட்டல்லாம் சொல்லி வருத்தப்பட்டார். உங்ககிட்டயும் சொல்லிட்டேன்னாரே."

என்னிடம் அவர் சொல்லவில்லை. வண்டலூர் வரை தினமும் ஒரே பேருந்தில் வந்தோம். சொல்ல நேரம் இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு குறியைத் தட்டும்போதுகூட நான் என் கையை நம்பியதில்லை. அந்த நம்பிக்கையைக் கெடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். கெட்டவர் என்று எழுதவும் மனம் வரவில்லை, அதுதான் ஆத்திரம்.

இரண்டு சின்னக் கோப்புகளில் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்கிறேன், நல்ல பழக்கம். அவரிடமிருந்து வேறெதுவும் வேண்டாம். உங்களிடம்தான் ஒன்று கேட்கவேண்டும். நான் அழுதுகொண்டே அவரைப் புகழ்ந்தபோது முன்வரிசையில் எல்லாரும் தலை குனிந்திருந்தீர்கள். துக்கம் என்று நினைத்தேன். துக்கம்தானா அது?