ஜன்னலோரத்துப் பட்டு மெத்தை

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆக்னஸ் பல வருடம் ஜாக்கெட் தைத்தவள். மெத்தை உறை தைக்க ஆரம்பித்தது பிறகுதான். நல்ல தையல்காரி, ஆனால் அவசரக்காரி. ஒருமுறை, இரண்டு ஓரமும் ஒரே திசையில் சாய்ந்த மெத்தைக்குத் துணியை உள்பக்கம் மேலாகப் போட்டு வெட்டிவிட்டாள். எப்படிச் சுற்றி வைத்தாலும் சாய்வு எதிர்ப்பக்கமே போனது. அந்த வீட்டுக்காரி அப்புறம் இவள் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை.

இப்போது கச்சிபௌலியிலிருந்து முதல் வேலை வந்திருந்தது. சாருலதா என்ற பெண், தன் வீட்டு ஜன்னலோர இருக்கைக்கு அளவாகச் செய்தித்தாளை வெட்டி, 'மேல்பக்கம்' என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தாள். அறைப்பக்கம் நீளம், ஜன்னல்பக்கம் குறுகல். கூடவே காசியில் வாங்கிய பட்டு. "இன்னொரு தடவை இது கிடைக்காதுக்கா, பாத்து வெட்டுங்க" என்று வேறு சொல்லியிருந்தாள்.

வெட்டி முடித்துக் கத்தரியை வைத்த பிறகுதான் ஆக்னஸ் கவனித்தாள். துணியின் உள்பக்கம் மேலே இருக்கிறது. அப்படியானால் எழுத்து அடியில் போகும்படி காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டுத்தான் வெட்டியிருக்க வேண்டும். எழுத்தோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் அதே கூத்து!

துணியைப் பலகையில் அரைச் சுற்று சுற்றிப் பார்த்தாள். நீளப்பக்கம் ஜன்னலுக்குப் போய்விட்டது. கண்ணில் நீர் முட்டியது.

"கைக்கு, ஏன் அழுறே? என்ன ஆச்சு?" என்று ஊர் உருது கலந்து கேட்டுக்கொண்டே வந்தார் கணவர் ஃபெலிக்ஸ்.

"நக்கோ, வேணாம், ஒண்ணும் கேக்காதீங்க" என்றவள், காகிதத்தை ஒளிக்க அவசரமாக நடுவில் மடித்தாள்.

மடித்தவள் அப்படியே நின்றாள். இடது சரிவு வலது சரிவின்மேல் மயிரிழை பிசகாமல் படிந்திருந்தது. இரண்டு பாதியும் ஒன்றேதான்! இதைக் கவிழ்த்தால் என்ன, நிமிர்த்தினால் என்ன? சுற்றினால்தான் மாறும், புரட்டினால் மாறாது. பழைய மெத்தையை எங்கே மடித்தாலும் ஓரம் இப்படிச் சேர்ந்திருக்காது. "மாதாவே!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

தைத்து எடுத்துப் போனபோது மெத்தை ஜன்னலோரத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சாருலதாவுக்கு வாயெல்லாம் பல்.

"மேல்பக்கம்னு நான் எழுதிக் கொடுத்தது நல்லதாப் போச்சு பாருங்கக்கா! இல்லேன்னா மாத்தி வெட்டியிருப்பீங்க."

"ஹவ்மா, ஆமாமா" என்ற ஆக்னஸ், சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.