சக்கரத்தில் மாட்டிய அட்டை

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் எனக்குக் கண்புரை அறுவை. அதற்கு முன்னால் தாதி கேட்டாள்: "அங்கிள், எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? சொட்டு மருந்தும் சேர்த்துத்தான் கேக்குறேன்லா."

இல்லை என்றேன். அது உண்மை. இதே கேள்விக்கு ஒன்பது வயதில் நான் சொன்ன 'இல்லை' பொய்.

அப்போது பண்டமாரானில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தார். முன்பு காய்ச்சலுக்குச் சாப்பிட்ட சல்பா மாத்திரையால் உடம்பெல்லாம் கொப்பளித்து, தோல் உரிந்து பிழைத்தவர். கண்கள் மட்டும் காய்ந்து சிவந்தே கிடந்தன. சல்பா மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதிய தடித்த அட்டையை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். சித்திக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்காகப் பேசுவது என் வேலை.

அவர் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, துணிக் கிளிப்பால் என் சைக்கிள் சக்கரத்தில் மாட்டினேன். கம்பிகள் அடிக்க, மோட்டார் சைக்கிள் போலச் சத்தம் வந்தது. ஒரு வாரத்தில் எழுத்தெல்லாம் கிழிந்து போயிற்று.

அந்த வாரமே சித்திக்குக் கண்வலி. அப்பா லோரியோடு துறைமுகத்தில் இருந்ததால் கிள்ளான் கிளினிக்குக்கு நான் துணைக்குப் போனேன். டாக்டர் ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று கேட்டார். சித்தி பையைத் துழாவினார்.

"அட்டையக் காணோம்டா. பரவால்ல, அந்த மாத்திரை விஷயத்த நீயே சொல்லிடு."

சொன்னால் அட்டை எங்கே என்ற பேச்சு வரும். அப்பாவின் பெல்ட்டும் வரும். அதோடு, இது விழுங்குகிற மாத்திரை இல்லையே, கண்ணில் விடும் சொட்டுதானே என்று என் புத்தி சமாதானம் சொன்னது. சித்திக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்று நீளமாக, பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டினார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சித்தி."

கொடுத்தது சல்பா சொட்டு. மூன்றாம் நாள் உதடு கொப்பளித்தது, இமைகள் ஒட்டிக்கொண்டன. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வெளிச்சமும் இருட்டும் மட்டுமே அவருக்குத் தெரிந்தன.

எல்லாரும் டாக்டரை ஏசினார்கள். கிழிந்த அட்டையை நான் அதற்குள் கால்வாயில் எறிந்திருந்தேன்.

"அட்டைய எங்கம்மா வச்ச?" என்று அப்பா கேட்டார்.

"பாசார்ல காய் வாங்கறப்ப விழுந்திருக்கும் மாமா. என் கவனக்குறைவு."

தப்பித்தேன் என்று மூச்சுவிட்டேன். மறுநாள் பள்ளி முடிந்து வந்தேன். சித்தி வாசல் நாற்காலியில் இருந்தார்.

"என்னடா, சைக்கிள் சத்தத்தையே காணோம்?"

"கிளிப் உடைஞ்சிருச்சு சித்தி."

"அந்தச் சத்தம் கேட்டாதான் நீ வர்றது தெரியும். வேற அட்டை வச்சுக்கோடா."

சித்திக்கு எதுவும் தெரியாது என்று மகிழ்ந்து, அன்றே மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி மாட்டினேன். அவர் இருந்தவரை நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சக்கரத்தில் இருந்தது அட்டை என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அது அன்று எனக்கு உறைக்கவில்லை.