கிரேஸ் அக்காவும் செவலையின் சேணமும்

செய்தி எனக்குத் தவறாகத்தான் வந்து சேர்ந்தது. சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்தேன். தெரிந்த பெண்மணி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க கிரேஸ் டீச்சரக் குதிர தள்ளிக் கொன்னுட்டாமே?" என்றார். உண்மையில் கிரேஸ் அக்கா இறந்தது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், மாரடைப்பால். அன்று அவர் குதிரையில் ஏறவே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் இன்னும் அந்த வாயில்லாத ஜீவனைத்தான் திட்டுகிறார்கள். அக்காவை அறிந்தவர்களுக்காவது விஷயம் சரியாகத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் அறிவியல், நான் தமிழ். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்குதிரையைப் பனவடலிசத்திரத்தில் வாங்கிவந்தார். பெயர் செவலை. "சின்ன வயசுலயே ஆச. அப்பா விடல. இனி யாருட்ட கேக்கணும்?" என்று சிரித்தார்.

குதிரையோடு ஜரிகை வைத்த சேணம் ஒன்றும் வந்தது. சில நாட்களிலேயே அதைக் கழற்றிப் பார்த்தவர், அடியில் தோல் உரிந்து சீழ் வைத்திருப்பதைக் கண்டார். அன்றோடு சவாரி நின்றது. புண் ஆறும்வரை மாதக்கணக்கில் செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மேலநீலிதநல்லூர் சாலையில் பக்கத்திலேயே நடந்தார். "குதிர இருக்க நடந்து போறியளே டீச்சர்!" என்று கேலி பேசியவர்களிடம், "அதுக்குத்தான முதுகுல புண்ணு. எனக்குக் கால் நல்லாத்தான இருக்கு" என்பார்.

அடுத்து, மெத்தை வைத்த சேணம் ஒன்றை வாங்கினார். அவருக்கு நாற்காலிபோல் சுகமாக இருந்தது. ஆனால் வயிற்று வாரை இறுக்கும்போதெல்லாம் செவலை காதை மடக்கிக் கடிக்க வந்தது. அடித்துப் பழக்கச் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் செவலையின் முதுகை எனக்குக் காட்டினார். எங்கும் வியர்வை, தோளுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அளவு காய்ந்து கிடந்தது. "அந்த எடத்துல அழுத்தம் தாங்காம வேர்வகூட வரல பாரு. நோவுது, அதான் கடிக்கி. அதுக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியும்?"

மூன்றாவது சேணம் செவலைக்குப் பொருந்தியது. முதுகெலும்பின்மேல் படாமல் நடுவில் காற்றுப் புகுந்தது. ஆனால் இருக்கை குறுகல். அக்கா நல்ல பருமன். ஒருநாள் ஆசிரியர் அறைக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து வந்தார்.

"இந்தச் சித்திரவத எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சரியா இருக்குட்டி. நான் பொறுத்துக்கிடுதேன்."

அந்தப் பொறுமையும் உதவவில்லை. காய்ந்த திட்டு மறுபடி தெரிந்தது, இந்த முறை இடப்பக்கம் மட்டும். வலிக்குப் பயந்து தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதால்தான் என்று அவரே கண்டுபிடித்தார். அன்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "நான் நொந்துக்கிட்டு அதுக்கு நல்லது செய்ய முடியாது போல, சரசு. ரெண்டு பேருக்கும் சேந்துதான் பாக்கணும்."

தடித்த மின்கம்பியைச் செவலையின் முதுகில் வைத்து வளைத்து, அந்த வளைவைச் சார்ட் தாளில் வரைந்து, சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனார். அங்கே சேணம் செய்யும் கடையில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து, அகலமான இருக்கை ஒன்றைத் தேர்ந்து, அடிப்பாகத்தைத் தன் தாளின்படி செய்யச் சொன்னார். அது வந்துசேர வெகுநாள் ஆயிற்று. வந்த வாரம் நானும் பார்த்தேன். வாரை இறுக்கியபோது செவலை காதை மடக்கவில்லை. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, காலைவெயிலில் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் போனார். திரும்பி வந்து சேணத்தை எடுத்தபோது செவலையின் முதுகு முழுக்க ஒரே சீராக வியர்வையில் நனைந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துச் சின்னப்பிள்ளைபோல் அழுதார்.

அப்படி அவருக்குக் கிடைத்தவை சில காலைகள்தாம். இத்தனை பாடுபட்டவருக்கு ஒரு மழைக்காலமாவது கிடைத்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

செவலை இப்போது சிவகிரியில், அக்காவின் தம்பி தோட்டத்தில் நிற்கிறது. போன ஞாயிறு போயிருந்தேன். "யாரும் ஏறுததில்ல, சும்மா மேயட்டும்னு விட்டுட்டேன்" என்றார் தம்பி. பழைய புண் இருந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. அது இனி நிறம் மாறாதாம். தயங்கித் தயங்கி அந்த இடத்தில் கையை வைத்து அழுத்தினேன். செவலை நெளியவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புல்லைத் தின்றுகொண்டே இருந்தது. அக்காவின் நினைவாக என்னோடு இருப்பது, நோவு தீர்ந்த அந்த முதுகு என் உள்ளங்கையில் தந்த சூடு.