சிவப்பு வளையம் போட்ட மரம்

சித்தப்பாவுக்கு இப்போது சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் காலையில் லிங்கி ஆற்றோரப் பாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கிறார். நடுவில் அம்மாவின் கடையில் சீனி போடாத கோப்பி. கடைக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தைத் தட்டிக் காட்டி, "இது என்னாலதான் இன்னும் நிக்கிது" என்று தெரியாதவர்களிடம் சொல்வார். விஷயம் தெரிந்த நான் வாயைத் திறப்பதில்லை. பாதிப் பழி என் தலையிலும் உண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. அங்கே பாதையும் கிடையாது, கைப்பிடிக் கம்பியும் கிடையாது. ஆறு இருப்பதை நாற்றத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கரை முழுக்கப் புதர், உடைந்த கட்டில், பழைய டயர், டயரில் தண்ணீர், தண்ணீரில் கொசு. அந்த வருடம் தம்பி டெங்கிக் காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். அந்த மரத்தடியில்தான் அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் வடையும் விற்றார். அப்பா லோரி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர நாலைந்து நாளாகும். வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மரத்து நிழலால்தான். கொளுத்துகிற வெயிலில் யார் நின்று கோப்பி குடிப்பார்கள்?

கரையைச் சுத்தம் செய்து, ஜனங்கள் நடக்கப் பாதை போட்டு, மர நிழலில் இருக்கும் கடைகளை மட்டும் விட்டுவைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கடைக்காரர்களைக் கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். சித்தப்பா அப்போது எங்களோடு இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர், தோட்டத்தை விற்றதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா இல்லாத நாட்களில் வீட்டுக்கு அவர்தான் மண்டோர், தோட்டத்துக் கங்காணி மாதிரி.

"அண்ணி, கூட்டம் கீட்டம்னு போயி நிக்காதீங்க. பேப்பர நீட்டுவானுங்க. தோட்டத்துல மொதல்ல கையெழுத்துப் போட்டவன் வீடுதான் மொதல்ல போச்சு" என்றார்.

அம்மா மிளகாய்ச் சம்பல் கிண்டிக்கொண்டே "சரி தம்பி" என்றார். அம்மா எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அம்மாவின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சம்பல் கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சித்தப்பா மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். மரத்தில் சிவப்புச் சாயத்தில் வளையம் போட்டிருக்கிறார்களாம். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநடவுக்கு முன்னால் வெட்டப்போகும் பால்மரங்களுக்கு மண்டோர் வளையம் போட்டுக்கொண்டே போவார். பின்னாலேயே வாள் வரும்.

"அம்மா பாக்கலியா சித்தப்பா?"

"பாத்திருக்கும். யாரோ புள்ளைங்க கிறுக்கிட்டாங்கன்னு நெனச்சி வடை சுட்டுக்கிட்டு இருக்குது. அதுக்கு என்னா வெளங்கும்? நீ வாய மூடிக்கிட்டு இரு பாப்பா, பயந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். நான் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். கர்த்தர் மன்னிக்கட்டும். அவர்கள் தலை மறைந்ததும் நானும் சித்தப்பாவும் மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக மரத்தடிக்கு ஓடினோம். இரண்டு மணி நேரம் தேய்த்தோம்.

"எவன்டா இத போட்டவன், ஒரு பக்கம் ஏறுது, ஒரு பக்கம் எறங்குது. எங்க மண்டோரா இருந்தா ஒதச்சிருப்பாரு" என்று சித்தப்பா திட்டிக்கொண்டே தேய்த்தார். கடைசியில் பட்டை இடுக்கில்கூடச் சிவப்பு இல்லை. வீட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விடுமுறை. அம்மாவோடு நாங்களும் சாமான் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். மண்வாரி இயந்திரம் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தது. வளையம் போட்ட மரங்களை ஒதுங்கிச் சுற்றிப் போனது. வளையம் இல்லாதவற்றை வேரோடு சாய்த்தது. எனக்கு உண்மையாகவே வயிறு வலித்தது.

"பாப்பா, இங்க எல்லாம் தலகீழா இருக்குது லா" என்றார் சித்தப்பா.

அம்மா மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சித்தப்பாவின் நகக்கண்ணில் இருந்த சிவப்பைப் பார்த்தார். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போய் மரத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இயந்திரம் அவர் முன்னால் வந்து நின்றது. தொப்பி போட்ட மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, வளையம் எங்கே என்று கேட்டார்.

அழுக்கென்று நினைத்துத் தானே கழுவிவிட்டதாக அம்மா மலாயில் சொன்னார். "நீங்களா? நீங்களேவா?" என்று அந்த அதிகாரி இரண்டு முறை கேட்டார். சித்தப்பாவின் கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வண்டியிலிருந்து சாய டின்னையும் தூரிகையையும் எடுத்து, யோசிக்காமல் அம்மாவிடமே நீட்டினார்.

அம்மா மரத்தைச் சுற்றி வந்து வளையம் போட்டார். இயந்திரம் எங்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த புதருக்குப் போனது. அப்பாடா என்று நான் அங்கேயே வேரில் உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா சீனி தூக்கலாக ஒரு கோப்பி கேட்டார். அம்மா மணிக்கட்டில் பட்டிருந்த சாயத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுக் கலக்கிக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் திட்டு விழவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

புது வளையத்தை நான் நன்றாகப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"சித்தப்பா, அம்மாவும் அந்த ஆளு மாதிரியேதான் கோணலா போடுது" என்று அவர் காதில் சொன்னேன்.

அவர் கோப்பியை ஊதிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்.